துவைக்காத ஜெர்சி

எங்கள் லைனில் மூன்றாம் நம்பர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஏழு வாரமாக ஒரு சாக்குமூட்டை கிடந்தது. உள்ளே பதினோரு ஜெர்சி, பதினோரு ஜோடிக் காலுறை. சேற்றிலும் வியர்வையிலும் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிக் காய்ந்தவை. நாங்கள் நான்காம் நம்பர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். அம்மா எங்கள் பக்கத்து இடுக்குகளில் பழைய பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி அடைத்தாள். அப்படியும் சோற்றை வாயில் வைக்கும்போது அந்த நாற்றம் கூடவே உள்ளே போனது.

நாற்றம் எங்களுக்குப் புதிதல்ல. லைனில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீட்டு ஆண்களும் காலாங் ஆற்றோரத்து ரப்பர் மில்லில் வேலை பார்த்தார்கள். தோட்டங்களிலிருந்து கழிவு ரப்பர் கட்டிகட்டியாக வரும். பட்டையும் மண்ணும் புழுவும் ஒட்டியிருக்கும். அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, மிதித்துக் கழுவி, உருளையில் கொடுத்து அரைக்க வேண்டும். ஊறின ரப்பர் செத்த எலி மாதிரி நாறும். நகக்கண்ணில் ஏறினால் எந்தச் சவுக்காரத்துக்கும் இறங்காது. சிராங்கூன் ரோட்டு முடிவெட்டும் கடையில் எங்கள் ஆட்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் அப்பா உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா அதைக் கவனிக்காதவர்போல வெளியே பார்ப்பார். நான் அப்பாவைக் கவனிக்காதவள்போல என் காலைப் பார்ப்பேன்.

மூன்றாம் நம்பரில் சிலுவைராஜ் இருந்தார். மில்லில் தொட்டி மிதிப்பவர். மில்லின் பந்து டீமுக்குக் கோல்கீப்பர். அவர் மனைவி பெயர் பெட்டி. எனக்குப் பெட்டியக்கா. டீமின் துணிகளை வாராவாரம் துவைத்துக் காயவைப்பது அவள்தான். வீட்டில் மூன்றாவது ஆள், அவருடைய அம்மா பிலோமினம்மாள்.

அந்த வருஷம், ஐம்பத்தாறில், கம்பெனிகளுக்கு இடையிலான கப் போட்டி தொடங்கிய வாரத்தில் பெட்டியக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பச்சை உடம்புக்காரி குளிர்ந்த தண்ணீரில் கைவைக்கக் கூடாது. ஜெர்சிகள் அழுக்காகவே கிடந்தன. பதினோரு ஆண்கள் இருந்தார்கள், அவரவர் சட்டையை அவரவர் அலசியிருக்கலாம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அழுக்கு ஜெர்சியோடு போனார்கள். வழக்கமாக முதல் சுற்றிலேயே தோற்று வருகிற டீம் அன்றைக்கு ஜெயித்தது. அடுத்த வாரமும் அழுக்கோடு போய் ஜெயித்தார்கள். மூன்றாவது வாரமும் ஜெயித்து வந்தபோது மண்டோர் வேலாயுதம் மூட்டையைத் தன் கையாலேயே கட்டி, மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினார். மில்லில் தொட்டி ஆட்களுக்கு மேலாளும் அவர்தான், டீமை நடத்துகிறவரும் அவர்தான்.

"கப்பு வர்ற வரைக்கும் இதத் தண்ணியில காட்டக்கூடாது," என்றார். "எவனும்."

டீமில் இந்து, முஸ்லிம், வேதக்காரர் என்று மூன்று வகையும் உண்டு. வீரமாகாளி கோயில் விபூதி மைதானத்துக்குப் போகும், தாயத்து போகும், மாதா படம் போகும். ஒருவர் கொண்டுவருவதை மற்றவர் தொடமாட்டார்கள். அந்த மூட்டையை மட்டும் எல்லோரும் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள்.

நாற்பது கழிந்து தலைமுழுகிய மறுநாள், பெட்டியக்கா முதல் வேலையாக மூட்டையை இழுத்துக்கொண்டு பொதுக் குழாயடிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் குழாயடிப் பலகையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டி, கீழ வை அத," என்றார் வேலாயுதம்.

"மண்டோரண்ணே, புள்ளைக்கு மூச்சு அடைக்குது. பால் குடிக்கையில மூஞ்சியத் திருப்பிக்குது. ஒரே ஒரு தடவ அலசிட்டு அப்படியே குடுத்துர்றேன்."

"புள்ள பழகிக்கும்லா. ரப்பர் மில்லு லைன்ல பொறந்தது."

பலகையில் சிரிப்பு எழுந்தது. டீமின் கேப்டன் அப்துல் அஜீஸ் சிரிக்கவில்லை. அவர் மற்றவர்களைவிட மெதுவாகப் பேசுவார்.

"தங்கச்சி, இன்னும் ரெண்டே ஆட்டம். பொறுத்துக்க."

"அஜீஸ் அண்ணே, நீங்களாச்சும் நியாயத்தச் சொல்லுங்க. ஒரு தோல் பந்து. அத இங்கிட்டு உதைக்கிறீங்க, அங்கிட்டு உதைக்கிறீங்க. அதுல அப்படி என்னதான் இருக்கு?"

அஜீஸ் கோப்பி டின்னைக் கீழே வைத்தார்.

"போன சனிக்கிழம பேரர் பார்க்ல ஆட்டம் முடிஞ்சு பஸ் ஏறினோம். இதே ஜெர்சியோட. ஒரு தவுக்கே, சீன மொதலாளி, வெள்ளச் சட்ட, தங்கப் பல்லு, எழுந்தான். சரி, வழக்கம்போல மூக்கப் பொத்திக்கிட்டு நகந்துருவான்னு பாத்தேன். அவன் உன் வீட்டுக்காரன் கையப் பிடிச்சு, 'கீப்பர், டுடோ, டுடோ'ன்னு உக்காரச் சொல்றான். தன் எடத்தக் குடுத்துட்டு நிக்கிறான். பீச் ரோடு வரைக்கும்."

"எடம் குடுத்தான். அவன் மூக்கு எங்க போச்சு?"

"மூக்கு மூஞ்சியிலதான் இருந்துச்சு தங்கச்சி. பொத்தல. அதான் சொல்றேன்."

"மத்த டீம்காரனுங்க சோப்புப் போட்டுக் குளிச்சு, சென்ட் அடிச்சுக்கிட்டு வர்றானுங்க," என்றார் வேலாயுதம். "தோத்துட்டுப் போறானுங்க. நம்ம நாத்தத்த வச்சே நாம ஜெயிக்கிறோம். அதப் போயி சாக்கடையில கழுவி ஊத்துறேங்கிற."

பிலோமினம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "தேக்கா மார்க்கெட்ல மலாய்க்காரன் எனக்கு எப்பவும் நேத்து மீனத்தான் போடுவான். கிட்ட வராத, அங்கேயே நில்லுன்னு கையால காட்டுவான். இப்ப 'மக் கீப்பர், மக் கீப்பர்'னு, கீப்பரோட அம்மான்னு கூப்பிட்டு, செவுளத் தூக்கிக் காட்டிக் குடுக்கிறான். உள்ள கொண்டு வை மருமவளே."

பெட்டியக்கா புருஷனைப் பார்த்தாள். சிலுவைராஜ் ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவள் மூட்டையைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே புரிந்தது. புரிந்த பிறகுதான் அதிகமாகக் குமட்டியது. வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒருத்தன் மூக்கைப் பொத்தாமல் இருந்தான் என்பதற்காக ஒரு பச்சைக் குழந்தையை அந்த மூட்டைக்கு மேலே தூங்கவைத்திருந்தார்கள்.

அரையிறுதியிலும் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை, ஜாலான் புசார் ஸ்டேடியத்தில். அந்த வாரம் முழுக்க மழை. லைன் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கக்கூஸ் வாளிகள் நிரம்பி, மூடி மிதந்தது. புதன்கிழமை சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் டீம் பயிற்சிக்குப் போனது. மூட்டையும் போனது. சிலுவைராஜ் போகவில்லை. மண்டோர் அவரை ஓய்வெடுக்கச் சொன்னாராம்.

அன்றைக்குப் பெட்டியக்கா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். வறுத்தவள் அடுப்பை விட்டு எழுந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாளாம். வெறும் தரைதான் இருந்தது. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னாங்க, மூட்ட இல்லையே. இன்னும் எங்கிருந்து வருது?"

"ஊறிப்போச்சு. பலகையில."

"கால நீட்டுங்க."

"ஒண்ணுமில்ல விடு."

"நீட்டுங்கன்னா."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு பலகைச் சுவரில் அவள் கை பட்பட்டென்று விழுந்தது. "பூவக்கா, கொஞ்சம் வாங்களேன். பூவக்கா."

அம்மாவைத்தான் கூப்பிட்டாள். அம்மாவும் நானும் ஓடினோம். சிலுவைராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கால்சட்டை முட்டிவரை ஏற்றியிருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய வேட்டித் துணிக் கட்டு. பெட்டியக்கா அதைப் பாதி அவிழ்த்துவிட்டு நிறுத்தியிருந்தாள். துணியோடு ஏதோ சேர்ந்து வந்தது. மஞ்சளும் எண்ணெயும் சீழும் கலந்து களிம்புபோல இருந்தது. முன்னெலும்பின் மேல் ஒரு சாண் நீளத்துக்குச் சதை வாயைத் திறந்திருந்தது. ஓரங்கள் கறுத்திருந்தன. ஜெர்சியோடு போட்ட கம்பளிக் காலுறையின் நூல் உள்ளே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே காய்ந்த காலுறையை அந்தப் புண்ணின் மேல் இழுத்து ஏற்றியிருக்கிறார்.

நான் வாசலுக்கு வந்து துப்பினேன்.

"எப்பய்யா இது?" என்று அம்மா கேட்டாள்.

"அஞ்சாவது ஆட்டம். பூட்ஸ் ஆணி கீறிடுச்சு அக்கா. சின்னதாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு வாரமாவா? பெட்டிக்குத் தெரியாதா?"

"நான்தான் கட்டுறேன்," என்றாள் பிலோமினம்மாள் மூலையிலிருந்து. "மஞ்சளும் தேங்காண்ணெயும். ஆறிக்கிட்டு வருது. பச்சை உடம்புக்காரி பயந்துக்குவான்னு சொல்லல."

"இது ஆறுற மாதிரியா இருக்கு?" பெட்டியக்காவின் குரல் உயரவில்லை. "கெளம்புங்க. பெரியாஸ்பத்திரிக்கு. இப்பவே."

"போனா சேத்துக்குவான். விடமாட்டான். சனிக்கிழம வரைக்கும் பொறு."

"கால் போனா?"

"கால் எங்க போவுது. சனிக்கிழம சாயங்காலம் விசிலடிச்ச மறுநிமிஷம் நேரா ஆஸ்பத்திரிதான். மாதா மேல சத்தியம்."

"மாதாவ இதுல இழுக்காதீங்க. தொட்டியில எறங்கி மிதிக்கிற காலு. இது இல்லாட்டி உங்கள யாரு வேலைக்கு வப்பா? அந்தத் தவுக்கேயா? பஸ்ல எந்திரிச்சு எடம் குடுப்பான். சோறு குடுப்பானா?"

சிலுவைராஜ் கட்டைத் தானே எடுத்துத் திரும்பச் சுற்றத் தொடங்கினார். சுற்றும்போது பல்லைக் கடித்தார்.

"பெட்டி, நான் பொறந்ததுலேருந்து ஒருத்தனும் என்னைப் பாக்க காசு குடுத்து வந்ததில்ல," என்றார். "ஒரு தடவ அது நடந்துட்டுப் போகட்டுமே."

வியாழக்கிழமை அம்மா அஜீஸிடம் சொன்னாள். அவருக்கும் தெரிந்திருந்தது. டீமில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "வேற கீப்பர் இல்லையே பூவம்மா," என்றார். அவர் முகம் நல்ல முகமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆண்கள் மில்லுக்குப் போனதும் பெட்டியக்கா மூட்டையை எடுத்தாள். பிலோமினம்மாள் குறுக்கே நின்றாள். பெட்டியக்கா குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தாள். குழாயடியில் மூட்டையை அவிழ்த்தபோது துணிகள் விறைத்துப் பலகைபோல நின்றன. அக்குளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் பட்டதும் காப்பிநிறத்தில் ஒரு சாறு ஓடியது.

"கூட வர்றியா புள்ள?" என்று என்னைக் கேட்டாள்.

நானும் குத்தவைத்தேன். எனக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர் ஜெர்சி. பெட்டியக்கா பேசிக்கொண்டே துவைத்தாள். என்னிடம் பேசினாளா, துணியிடம் பேசினாளா என்று சொல்ல முடியாது. "இந்த நாத்தம் இருந்தாத்தான் ஜெயிப்போம்னு நம்புறானுங்க. நாத்தத்த எடுத்துட்டா நம்பிக்கையும் போயிரும். நம்பிக்க போனா, இவரு நாளைக்கு எந்திரிக்க மாட்டாரு. வீட்டுலயே கெடப்பாரு. நான் ரிக்‌ஷாவக் கூப்பிட்டு ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

பிலோமினம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடையில்லாமலேயே மில்லுக்குப் போனதை நாங்கள் பார்க்கவில்லை.

மத்தியானச் சோற்று வேளையில் ஆண்கள் வந்துவிட்டார்கள். தாழ்வாரத்துக் கயிற்றில் பதினோரு ஜெர்சியும் சொட்டிக்கொண்டிருந்தன. சண்டை வரும் என்று அம்மா என்னை உள்ளே இழுத்தாள். யாரும் திட்டவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல வரிசையாக நின்றார்கள். வேலாயுதம் ஒரு ஜெர்சியை எடுத்து முகத்தில் வைத்து மோந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சவுக்கார வாசன வருது," என்றார்.

"அண்ணே, அவர் கால வந்து பாருங்க," என்றாள் பெட்டியக்கா. "பாத்துட்டு என்ன வேணா சொல்லுங்க."

அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அஜீஸிடம் ஏதோ கேட்டார். அஜீஸ் தலையை ஆட்டினார். பிறகு ஈரத்தோடே எல்லாவற்றையும் கயிற்றிலிருந்து உருவிச் சாக்கில் போட்டார்கள். சிலுவைராஜ் நொண்டிக்கொண்டே தன் ஜெர்சியைத் தானே எடுத்துப் போட்டார். மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாளாக ரப்பர் ஊறிக்கிடந்த தொட்டியில் முக்கி, வேலை முடியும்வரை ஊறவைத்து, ரப்பர் உலர்த்தும் புகையறையில் காயவைத்து, ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏழு வாரத்து நாற்றம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வேலாயுதம் மோந்து பார்த்தார். எல்லோருக்கும் நீட்டினார். அவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் ஜெர்சியை இன்னொருத்தர் முகத்தில் அழுத்தி விளையாடினார்கள். என் அப்பாவும் மோந்து பார்த்துவிட்டு, "இது சரி," என்றார்.

இரவு அப்பாவுக்கு நான் சோறு போடவில்லை. அம்மாதான் போட்டாள்.

சனிக்கிழமை காலையே சிலுவைராஜை அஜீஸ் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். நாலு மணிக்குப் பெட்டியக்கா குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்தாள். "நான் போயி கையோட இழுத்துட்டு வரப்போறேன். துணைக்கு வா புள்ள," என்றாள். ஸ்டேடியத்தில் உள்ளே நுழையவே நேரம் பிடித்தது. பெண்கள் என்று பார்த்தால் எங்களைத் தவிர, கச்சான் கடலை விற்கிற ஒரு மலாய்க்காரியைத்தான் பார்த்தேன். தரையெல்லாம் கச்சான் தோல், வெற்றிலை எச்சில், மழைத்தண்ணீர். ஆண்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் நகர்ந்து நகர்ந்து மில் டீமின் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியோரம் போய் நின்றோம். இடைவேளை முடிந்திருந்தது. மில் ஒரு கோல் முன்னால் இருந்தது.

சிலுவைராஜ் எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் நின்றார். எங்கள் பக்கம் முதுகு. பந்து தூரத்தில் இருக்கும்போதெல்லாம் இடது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிவைத்துக்கொண்டார், கொக்கு மாதிரி.

"என்னாங்க," என்று கூப்பிட்டாள் பெட்டியக்கா. "போதும். வாங்க. என்னாங்க, கேக்குதா?"

கேட்டிருக்கும். கழுத்து ஒருமுறை விறைத்தது. திரும்பவில்லை.

"பாத்துட்டாங்க எல்லாரும். காசு குடுத்து வந்து பாத்துட்டாங்க. போதும் வாங்க. புள்ள அழுவுது."

மழை மறுபடி பிடித்தது. அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்தர், நன்றாக உடுத்தின தமிழர், "யாரும்மா நீ, சும்மா இரு, கீப்பருக்குக் கவனம் சிதறும்," என்றார். அவர் கையில் வெற்றிலைப் பொட்டலம் இருந்தது. எங்களிடமிருந்து வந்த மில் வாடைக்கு அவர் விலகவேயில்லை. அதைக் கவனித்தேன்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அஜீஸ் ஒருத்தனைத் தள்ளிவிட்டார். பெனால்டி என்று விசில் அடித்தார்கள். மைதானம் முழுக்கச் சத்தம் நின்றது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. எதிர் டீமின் ஆள் ஈரப் பந்தை ஜெர்சியால் துடைத்து வைத்து, பின்னால் போனான். பெட்டியக்கா பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அவன் ஓடிவந்து அடித்தான். சிலுவைராஜ் இடது காலை ஊன்றி வலப்பக்கம் பாய்ந்தார். உடம்பு முழுக்க அந்தரத்தில் நீண்டது. விரல் நுனியில் பட்டு, பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டது. என் காதுக்குப் பக்கத்தில் யாரோ கத்தினார்கள். தொண்டை கிழிகிற கத்தல். திரும்பினேன். பெட்டியக்காதான். இரண்டு கையையும் வேலிக்கு மேலே தூக்கியிருந்தாள். பிறகு கையைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினாள்.

மீதி நேரம் சிலுவைராஜ் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். விசில் அடித்ததும் அவரைத் தோளில் தூக்கினார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், யார் யாரோ ஓடிவந்து அவர் ஜெர்சியைத் தொட்டார்கள், முகத்தை அதில் தேய்த்தார்கள். இடது காலுறையிலிருந்து என்னவோ அஜீஸின் தோளில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. மில்லின் வெள்ளைக்காரத் துரை கைகுலுக்கினார். பத்து வருஷத்தில் முதல்முறை. போட்டோ எடுக்க இன்னும் அரைமணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரிக்கு அதற்குப் பிறகுதான் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவருடைய இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஊசியோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பிலோமினம்மாள் அதைக் கேட்டுவிட்டு வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மில் கேட்டில் உட்காருகிற வேலை கேட்டுப் பார்ப்பதாக வேலாயுதம் சொல்லிவிட்டுப் போனார். கேட்டுப் பார்ப்பதாகத்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டியக்கா குழந்தையோடு வார்டுக்குப் போனாள். நான் சாப்பாட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். சிலுவைராஜ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அறுத்த நாளிலிருந்து அப்படித்தானாம். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. லைசால் மருந்து வாடைக்கு மேலே அவர்மேல் இன்னும் மில் வாடை வந்தது. பெட்டியக்கா கஞ்சியைக் கரண்டியால் எடுத்து நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கட்டிலுக்கு அன்றைக்குத்தான் ஒரு சீனக் கிழவர் வந்திருந்தார். கையில் மாவுக்கட்டு. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார். நீதானே அந்த ரப்பர் மில் கீப்பர்? நான் அன்றைக்கு எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெனால்டியை எப்படித் தடுத்தாய்?

சிலுவைராஜ் திரும்பினார். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நான்கு நாளாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். பந்து எங்கே வைத்தான், எத்தனை அடி பின்னால் போனான், எந்தத் தோள் முதலில் சாய்ந்தது என்று மலாயில் சொல்ல ஆரம்பித்தார். பந்து இடப்பக்கம் வந்ததாகச் சொன்னார். வலது காலை உதைத்து இடப்பக்கம் பாய்ந்ததாகச் சொல்லிக் கையை இடப்பக்கம் நீட்டினார்.

"வலப்பக்கம்," என்றாள் பெட்டியக்கா.

அவர் நிறுத்தினார்.

"வலப்பக்கம்தான் வந்துச்சு. எடது கால ஊனித்தான் பாய்ஞ்சீங்க. நான் பின்னாடிதான் நின்னேன். பாத்தேன்."

சிலுவைராஜ் போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆமா," என்றார். கிழவரிடம் திரும்பி, வலப்பக்கம் என்று மலாயில் திருத்தினார். முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். பந்தைத் துடைத்து வைத்தான். பின்னால் போனான்.

பெட்டியக்கா கஞ்சிக் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் சரியாக வருகிறதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல் இருந்தது. அவர் விரலில் பந்து படும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.